நூற்றெண்பது கண்ணாடிகளும் நீ போடாத பூட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் பட்டறையில் லென்ஸ் தேய்க்கிற மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும்தான் நீயாகப் போன் பண்ணுவாய், அது வந்து இரண்டு மாதம் ஆகிறது. வேளைக்குச் சாப்பிடு. திரையை முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்க்காதே. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் நான் கூப்பிட்டபோது முழுசாக இரண்டு வாக்கியம் பேச விட்டாயா? "அக்கா, அது நான் படிக்கிறப்போ விளையாட்டா எழுதினது. இருபது வருஷம் ஆச்சு. தூக்கிப் போட்டுட்டு ரெடிமேடா ஒண்ணு வாங்கு. அதைச் சரிபண்றதெல்லாம் உன்னால ஆகாது," என்று சொல்லிவிட்டு, மீட்டிங் என்று வைத்துவிட்டாய். மற்றதெல்லாம் எனக்கு மறந்துபோய்விட்டது, அந்தக் கடைசி மூன்று எழுத்து மட்டும் மறக்கவில்லை. ஆகவே இது உதவி கேட்டு எழுதும் கடிதம் இல்லை. தகவலுக்காக எழுதுகிறேன். சரிபண்ணியாகிவிட்டது. நான்தான் பண்ணினேன்.

உனக்கு எல்லாம் மறந்திருக்கும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நம் மூக்குக் கண்ணாடிப் பட்டறையில் நாலு மேசை, நாலு லென்ஸ் மெஷின். முன்னால் கவுண்டரில் உன் மாமா உட்கார்ந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த பவரை அடித்தால், உள்ளே கம்ப்யூட்டர் அதற்கு ஒரு சீட்டு போட்டு, எந்த மேசை காலியாக இருக்கிறதோ அதற்கு அனுப்பும். அந்த வேலையைச் செய்வதற்கு நீ ஒரு மொழியையே உண்டாக்கி அதற்கு 'சொன்னதைச்செய்' என்று பேரும் வைத்தாய். நான் அந்த மொழியில் எழுதுகிற வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, கம்ப்யூட்டரை ஓட்டுகிற லினக்ஸுக்கு எடுத்துச் சொல்ல இன்டர்பிரட்டர் ஒன்றையும் எழுதிக் கொடுத்தாய். நாலு மேசைக்கும் ஒரே சமயத்தில் வேலை நடக்க வேண்டும் என்று அதற்குள்ளே நாலு இழை ஓடவிட்டாய், ஒரே சமையலறையில் நாலு பேர் சமைக்கிற மாதிரி. இருபத்தொரு வயசுக் குறும்பில், தப்பு நடந்தால் வருகிற செய்தியை எல்லாம் என்னைப் பார்த்துத் திட்டுகிற மாதிரி எழுதி வைத்தாய். 'அக்கா, நீ என்ன சொல்றேன்னு உனக்காவது புரியுதா?' 'அக்கா, கண்ணுக்கு ரெண்டு பக்கம் உண்டு, இடதா வலதா சொல்லு.' கவுண்டரில் உன் மாமா எதையாவது தப்பாக அழுத்தினால், 'மாமா, நீங்க தள்ளுங்க, அக்காவைக் கூப்பிடுங்க.' எதுவுமே சரிப்படாதபோது வருவதற்கென்று கடைசியாக ஒன்று வைத்திருக்கிறேன் என்று அன்றைக்கு நீ சொன்னாய். அது மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட வந்ததில்லை.

இந்த இருபது வருஷமும் அது ஓடிய பழைய கம்ப்யூட்டர் இந்த வருஷம் மூச்சு வாங்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடினாலே சூடாகி, மாவரைக்கிற மாதிரி சத்தம் போட்டு, தானாக நின்றுவிடும். ரிப்பேர்காரர் வந்து பார்த்தார். வேறொன்றைக் கொண்டுவந்து பழையதுக்குப் பக்கத்திலேயே மேசைக்கு அடியில் வைத்தார். "அதே லினக்ஸ்தாங்க, பதிப்புதான் புதுசு. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க," என்றார். நீ எழுதின மூலத்தை எடுத்து, புதிதுக்குப் புரிகிற மாதிரி மாற ஒருமுறை கம்பைல் பண்ணினேன். நாற்பது எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கைதானே, தப்பு இல்லையே என்று விட்டுவிட்டேன். பழையதின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினேன். ஒரு திரையும் ஒரு கீபோர்டும்தான், பொத்தானைத் தட்டினால் இது, இன்னொரு தரம் தட்டினால் அது. கவுண்டரிலிருந்தும் மேசைகளிலிருந்தும் வருகிற ஒயர்கள் எல்லாம் ஒரு பெட்டிக்கு வந்து, அங்கிருந்து ஒரே ஒரு கேபிளாகப் போகிறது. அந்தக் கேபிளைப் பழையதிலிருந்து பிடுங்கிப் புதிதில் செருகினோம். அவ்வளவுதான் வேலை. அன்றைக்கு எனக்கு ரொம்பப் பெருமை.

பெருமை ஐந்து நாள் இருந்தது. ஆறாம் நாள் தையற்காரர் வந்தார், புதுக் கண்ணாடி போட்டதிலிருந்து தெருமுனையில் போகிற பஸ் நம்பர் நன்றாகத் தெரிகிறதாம், ஊசிதான் தெரியவில்லையாம், சட்டைப் பையை உள்பக்கமாக வைத்துத் தைத்துவிட்டாராம், சட்டைக்காரர் அதைப் போட்டுப் பார்த்து ஒன்றும் பேசாமல் போய்விட்டாராம், பேசாமல் போனதுதான் பயமாக இருக்கிறதாம். அவரை உட்கார வைத்துக் கண்ணாடியை வாங்கிப் பார்ப்பதற்குள் முடிவெட்டுகிறவர் வந்தார், ஒரு வாடிக்கையாளருக்கு இந்தப் பக்கக் கிருதா காதுக்கு மேலேயும் அந்தப் பக்கக் கிருதா தாடை வரைக்கும் நின்றுவிட்டதாம், சமம் பண்ணப் போய்ப் போய்க் கடைசியில் மொட்டை அடிக்கும்படி ஆகிவிட்டதாம். அவருக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வந்துவிட்டார், வினாத்தாளை யாரோ தண்ணீரில் போட்டு எடுத்துவிட்டார்கள் என்று ஆபீஸில் இருக்கிற அத்தனை பேரையும் அரை மணி நேரம் திட்டித் தீர்த்த பிறகுதான், அந்தத் தண்ணீர் தன் கண்ணாடியில் இருக்கிறது என்று தெரிந்ததாம். மூன்று கண்ணாடியையும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். தையற்காரர் கண்ணாடி தலைமையாசிரியையிடம், அவருடையது முடிவெட்டுகிறவரிடம், அவருடையது தையற்காரரிடம். மாற்றிக் கொடுத்தோம், மூன்று பேரும் நன்றாகத் தெரிகிறது என்றார்கள், ஆனால் ஒருத்தர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

தேய்த்து முடித்ததும் சரிபார்க்க மாட்டீர்களா என்று நீ கேட்பாய். பார்ப்போம். சீட்டில் இருப்பதும் லென்ஸில் இருப்பதும் ஒன்றா என்று பார்ப்போம். சீட்டே பொய் சொன்னால் நாங்கள் என்ன செய்வது?

தலைமையாசிரியை மட்டும் போகவில்லை. அவர் பள்ளிக்கூடத்தில் நூற்றெண்பது பிள்ளைகளுக்குக் கண் பரிசோதித்து, அந்த லிஸ்டை நம்மிடம்தான் கொடுத்திருந்தார். போன வருஷம் கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்தே ஒரு வருஷத்தை ஓட்டினவர்கள் அவர்கள். "என் கண்ணாடியே இந்த லட்சணம்னா பிள்ளைங்க கண்ணாடி எப்படி இருக்கும்? பரீட்சைக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு. பரீட்சை அன்னிக்குத் திங்கட்கிழமை காலையில நூத்தி எண்பதும் அவங்க மூக்கு மேல இருக்கணும். ஆகுமா, ஆகாதா?" என்றார்.

அவரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார் பார். "ஆகும்," என்றேன். உன் மாமா கூரையைப் பார்த்தார்.

உன் பேச்சையும் கேட்காமல் விடவில்லை. ரெடிமேட் மென்பொருள் விற்கிறவரை வரவழைத்துக் கேட்டேன். அவர் நாலு மெஷினையும் சுற்றிச் சுற்றி வந்து, செத்த வீட்டுக்கு வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, எங்கள் மென்பொருள் இந்த மெஷின்களோடு பேசாது, நாலையும் மாற்றினால் இரண்டு மாதத்தில் ஓட்டிக் காட்டலாம் என்றார். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், இதை நானே திறந்து பார்ப்பது என்று. இன்டர்பிரட்டர் எழுத நீ படித்த பழைய சி மொழிப் புத்தகம் அலமாரியில் இருந்தது. தினமும் காலையில் கடை திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் உட்கார்ந்தேன். முதல் மூன்று நாள் ஒரு பக்கம் படித்தால் இரண்டு பக்கம் மறந்தது. நாலாம் நாள் கொஞ்சம் வழிக்கு வந்தது. லென்ஸ் தேய்க்கிறவளுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதலில் ஒன்று கண்டுபிடித்தேன். கவுண்டரில் ஒரே ஒரு சீட்டு போட்டால் சரியாக வருகிறது. நாலு பேருக்கும் ஒரே சமயத்தில் போட்டால்தான் மாறுகிறது. இரண்டாம் மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பேர் பொறுமைசாலி, அது அவரிடம் இல்லாத ஒன்று என்பதால். "அப்ப ஒவ்வொருத்தரா வரச் சொல்லுங்கக்கா, ராத்திரி பகலா உக்காந்து ஒண்ணு ஒண்ணா தேய்ப்போம், எனக்கென்ன," என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார். பிறகுதான் உன் எழுத்துக்குள்ளே இறங்கித் தேடினேன். ஒவ்வொரு இழையும் சீட்டை எழுதுவதற்கு ஒரு தாற்காலிகக் கோப்பைத் திறக்கிறது. அந்தக் கோப்புக்குப் பேர் வேண்டுமே என்று, 'என் எண் என்ன?' என்று லினக்ஸைக் கேட்டு, அது சொல்கிற எண்ணையே பேராக வைத்திருக்கிறாய். பழைய லினக்ஸ் ஒவ்வொரு இழைக்கும் தனித்தனி எண் கொடுத்தது. நாலு இழை, நாலு எண், நாலு கோப்பு. புது லினக்ஸுக்கு அந்தப் பழக்கம் போய்விட்டது. ஒரு வீட்டுக்கு ஒரு கதவு எண்தான், உள்ளே எத்தனை பேர் இருந்தாலும் வெளியே அதே எண். நாலு பேரும் ஒரே கோப்பில் எழுதினால் ஒருத்தர் பவர் இன்னொருத்தர் சீட்டில் போய் விழும். வீட்டு எண்ணைக் கேட்காதே, உள்ளே இருக்கிற ஆளின் எண்ணைக் கேள் என்று ஒரு வரியை மாற்றினேன். ஒரு வரி, தம்பி. அதைக் கண்டுபிடிக்க ஆறு நாள்.

நாற்பது பழைய சீட்டுகளை எடுத்து நாலு நாலாகப் போட்டுப் பார்த்தோம். முப்பத்தெட்டு சரி, இரண்டு தப்பு. நாற்பதும் தப்பாக வந்திருந்தால்கூட நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். முழுசாகத் தப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். முப்பத்தெட்டு தரம் ஒழுங்காக நடந்துகொண்டு இரண்டு தரம் மட்டும் வாலாட்டுகிறதை எங்கே பிடிப்பது? அதுவும் மறுபடி போட்டால் அந்த இரண்டும் சரியாக வருகிறது, வேறு ஒன்று தப்பாகிறது. நூற்றெண்பதில் எத்தனை பிள்ளைகளுக்கு இப்படி மாறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்பது வந்தது. ஒன்பது பேர் என்றால் ஒரு பெஞ்சு முழுக்க. மறுபடி உட்கார்ந்தேன்.

அப்போதுதான் உன் கையெழுத்து கண்ணில் பட்டது. கையெழுத்து என்றால் உன் குறிப்பு. இன்டர்பிரட்டரில், எண்ணை எழுத்தாக மாற்றுகிற இடத்தில், ஒரே ஒரு சிலேட்டு மாதிரி ஓர் இடம் வைத்திருக்கிறாய். எந்த இழையும் அதில்தான் மைனஸ் இரண்டே கால் என்றோ பிளஸ் ஒன்றரை என்றோ எழுதி, அதைப் பார்த்துச் சீட்டில் நகல் எடுக்க வேண்டும். ஒரு இழை எழுதி நகல் எடுப்பதற்குள் இன்னொன்று வந்து அதன் மேலேயே எழுதினால் முடிந்தது கதை. இப்படி நடக்காமலிருக்க, ஒருத்தர் எழுதும்போது மற்றவர்கள் வெளியே நிற்கும்படி அங்கே ஒரு பூட்டு போட வேண்டும். இது உனக்குத் தெரிந்திருக்கிறது. எப்படித் தெரியும் என்கிறாயா? ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி வைத்திருக்கிறாயே, அதே இடத்தில், இப்படி: 'இங்க ஒரு பூட்டு போடணும். அக்கா சாப்பிடக் கூப்பிடுறா. சாப்பிட்டு வந்து போடுறேன்.'

நீ சாப்பிட்டாய். நன்றாகச் சாப்பிட்டிருப்பாய், அந்த வயசில் நீ சாப்பிட்ட சாப்பாடு எனக்குத் தெரியும். திரும்பி வந்து பூட்டு போடவில்லை.

இதை நான் வாய்விட்டுப் படித்தது தப்பாகப் போய்விட்டது. உன் மாமா பின்னாலேயே நின்றிருக்கிறார்.

"அப்ப தப்பு யார் மேல?" என்றார்.

"அவன் மேலதான். பூட்டு போடாம எந்திரிச்சுப் போனது யாரு?"

"எந்திரிக்க வெச்சது யாரு?"

"சாப்பிடக் கூப்பிட்டது ஒரு குத்தமா?"

"கூப்பிட்டது குத்தமில்ல. ஒரு தடவை கூப்பிட்டா மனுஷன் அந்த வரியை முடிச்சுட்டு வருவான். நீ எத்தனை தடவை கூப்பிடுவே? எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டுக் கவுண்டருக்குப் போனவர், அங்கே உட்கார்ந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். வந்த வாடிக்கையாளருக்குக் காரணம் சொல்ல வேறு முடியவில்லை.

இத்தனை வருஷம் இது ஏன் தெரியவில்லை என்றால், பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே மூளை. நாலு இழையையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பார்க்கும், உண்மையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும், ஆகையால் சிலேட்டில் இரண்டு பேர் மோதிக்கொள்வது அபூர்வம். புதிதுக்கு எட்டு மூளை, நாலும் நிஜமாகவே ஒன்றாக ஓடுகிறது. அபூர்வம் என்றேனே தவிர நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தத் தபால்காரர் ஒரே கண்ணாடிக்கு மூன்று தரம் திரும்பி வந்தாரே, நாமெல்லாம் சேர்ந்து அவர் கண்ணில்தான் கோளாறு என்று அனுப்பி வைத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? அவர் இப்போது ரிட்டயர் ஆகிவிட்டார். ஒருநாள் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீயும் வந்தால் நல்லது.

பூட்டு போட்டேன். ஒன்று போட்டால் போதுமா என்று சந்தேகம் வந்து, சிலேட்டுக்கு ஒன்று, சீட்டுக்கு ஒன்று என்று இரண்டாகப் போட்டேன். கவனமாகச் செய்வதாக நினைப்பு. பரீட்சைக்கு முந்தின புதன்கிழமை காலையில் பிள்ளைகளின் லிஸ்டை எடுத்து முதல் சீட்டு போட்டோம். பத்து நிமிஷம் ஓடியது, பிறகு நாலு மேசையும் அப்படியே நின்றுவிட்டது. தப்புச் செய்தி இல்லை, திட்டு இல்லை, ஒன்றுமில்லை. பொறுமைசாலி கையைத் துடைத்துக்கொண்டு, "அக்கா, என்ன மௌன விரதமா?" என்றார். தலைமையாசிரியை போன் பண்ணி எத்தனை முடிந்தது என்று கேட்டார். நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னேன். அது பொய். மத்தியானம் வரைக்கும் விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுத் தொட்டுப் போய்ப் பார்த்தால், ஓரிடத்தில் சிலேட்டைப் பூட்டிவிட்டுச் சீட்டுக்குக் காத்திருக்கும்படி எழுதியிருக்கிறேன், இன்னோரிடத்தில் சீட்டைப் பூட்டிவிட்டுச் சிலேட்டுக்குக் காத்திருக்கும்படி எழுதியிருக்கிறேன். அவன் விடட்டும் என்று இவன், இவன் விடட்டும் என்று அவன். நம் வீட்டில் ஒரு காலத்தில் குளியலறைச் சாவியை நீயும் வாளியை நானும் வைத்துக்கொண்டு நின்றோமே, அதேதான். முழுப் புரோகிராமிலும் முதலில் சிலேட்டு, அப்புறம்தான் சீட்டு என்று ஒரே ஒழுங்கு வைத்து எல்லாவற்றையும் மாற்றி எழுதினேன். அன்றைக்குச் சாயங்காலம் அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இந்த இடத்தில் உன் மாமாவைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொல்லியாக வேண்டும். புதன்கிழமை மத்தியானத்திலிருந்து அந்த மனுஷன் ஆளே மாறிவிட்டார். வீட்டிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைக்கு அடியில் வைத்தார். கேட்டதற்கு, "நாள் பூரா உக்காந்திருக்கே, காலுக்குக் கொஞ்சம் காத்து வரட்டும்," என்றார். இருபத்தாறு வருஷத்தில் என் காலைப் பற்றி அவர் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த ஃபேன் போடுகிற சத்தத்தில் உள்ளறையில் வேறு எதுவும் காதில் விழாது, இருந்தாலும் நான் ஒன்றும் சொல்லவில்லை. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கவுண்டரில் சீட்டு அடிப்பார், உடனே உள்ளே போய் அந்த ஃபேன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்காருவார். "நீ போய் மேசையில வேலையைப் பாரு, இங்க நான் இருக்கேன்," என்று என்னை அனுப்பிவிடுவார். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையிலிருந்து நாலு மேசையும் நிற்கவே இல்லை. அவ்வப்போது உள்ளே போய்த் திரையை எட்டிப் பார்ப்பேன். மூன்று நாளாக ஒரு தப்புச் செய்திகூட இல்லை, தம்பி. இருபது வருஷமாக என்னைத் திட்டிக்கொண்டிருந்த வாய் மூடிக் கிடந்தது. முடிந்த கண்ணாடி ஒவ்வொன்றையும் உன் மாமா சீட்டோடு அல்ல, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த லிஸ்டோடு நேராக வைத்துப் பார்த்தார். நூற்றெண்பதும் சரி. சனிக்கிழமை நாலு மணிக்குக் கடைசிக் கண்ணாடியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தோம். பொறுமைசாலி தானாகப் போய் எல்லாருக்கும் டீ வாங்கிவந்தார். தலைமையாசிரியை நேரில் வந்து, பத்துப் பெட்டிகளைத் திறந்து சோதித்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆகும்னு சொன்னீங்க, ஆச்சு," என்றார். சந்தோஷத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கும் நம்மைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அடுத்த மாதம் முதல் தேதி அவர்களுடைய லிஸ்ட் வருகிறது, முந்நூறு பிள்ளைகள். அதற்கும் ஆகும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே தம்பி, நீ லீவு போட்டு வர வேண்டியதில்லை. போனில்கூட ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த மூன்று எழுத்து வார்த்தையை மட்டும் நல்ல காகிதத்தில் எழுதித் திரும்ப வாங்கிக்கொள். உன் வீட்டுக்காரியை நான் விசாரித்ததாகச் சொல். இரண்டு பேரும் குறைவில்லாமல், கண் பார்வை மங்காமல், ஆரம்பித்த வேலையை முடித்துவிட்டு எழுந்திருக்கும் நல்ல பழக்கத்தோடு நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஆகாது என்று சொன்னதைச் செய்து முடித்த
உன் அக்கா

பின்குறிப்பு: மேலே உள்ளதைச் சனிக்கிழமை சாயங்காலம் எழுதினேன். இது ஞாயிற்றுக்கிழமை காலை. கவரை ஒட்டுவதற்கு முன்னால் பெருமைக்கு உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். ஃபேன் வருகிற இடம் வந்ததும் மனுஷன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அதை மட்டும் அடிச்சிடேன்," என்றார். ஏன் என்றேன். அப்போதுதான் சொன்னார். புதன்கிழமை மத்தியானம் நாலு மேசையும் நின்றபோது, நூற்றெண்பது பிள்ளைகளை நினைத்துப் பயந்துபோய், நான் விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மேசைக்கு அடியில் குனிந்து, பழையதை ஓடவிட்டு, கேபிளைப் புதிதிலிருந்து பிடுங்கிப் பழையதில் செருகிவிட்டாராம். ஃபேன் என் காலுக்கு இல்லை. பழையது சூடாகி நின்றுவிடாமல் இருக்க. ஸ்டூலில் உட்கார்ந்தது அதைக் காவல் காக்க. "நீ அவ்ளோ பிடிவாதமா உக்காந்திருந்தே. உன்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றார். நூற்றெண்பது கண்ணாடியும் பழையதில் ஓடியவை. என் திரை என்னைத் திட்டாததற்குக் காரணம், அதற்கு மூன்று நாளாக யாரும் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் அந்த மூன்று நாளும் அவர் ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்ததை நினைத்து அழுகை வந்தது.

உடனே இரண்டு பேரும் பட்டறைக்குப் போனோம். கேபிளைப் புதிதில் போட்டு, அதே நாற்பது சீட்டையும் நாலு நாலாகப் போட்டோம். முப்பத்தொன்பது சரி. ஒன்று தப்பு. மறுபடி தேடினேன், அந்த ஒன்று எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. தேடுவதை விடமாட்டேன். சரி, அதுவரைக்கும் பழையதே ஓடட்டும் என்று பொத்தானைத் தட்டி அதைப் பார்த்தால், நேற்று மத்தியானம் கடைசிச் சீட்டைப் போட்டுவிட்டு அப்படியே உறைந்து நிற்கிறது. அணைத்துப் போட்டும் திரும்ப எழுந்திருக்கவில்லை. அணைப்பதற்கு முன்னால் திரையில் ஒரு வரி இருந்தது, எதுவுமே சரிப்படாதபோது வருவதற்கென்று நீ வைத்தாயே, அது. 'அக்கா, இதுக்கு மேல என்னால ஆகாது. தம்பியைக் கூப்பிடு.'

கூப்பிடுகிறேன். முந்நூறு பிள்ளைகள், ஒன்றாம் தேதி. மேலே எழுதினதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கிளம்பி வா. வந்து என் பக்கத்தில் உட்கார். அந்த வரியை முடித்துவிட்டு நீயாக எழுந்து வருகிற வரைக்கும் நான் சாப்பிடக் கூப்பிட மாட்டேன்.